ஹஸ்பெண்டும் மேச்சேரி ஆடும்

என் மனைவியை வீட்டுக்குக் கூட்டி வந்தே தீருவது என்று ஒரு சனிக்கிழமை சபதம் செய்தேன். சொந்த மனைவியைக் கூட்டி வரச் சபதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு வசந்தாமணியைத் தெரியாது.

சித்திரையில் மாமனார் வரப்பில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். இவள் ஒரே மகள். "பத்து நாள்ல வந்துருவனுங்க" என்று மேச்சேரிக்குப் பஸ் ஏறினாள். ஆவணி பிறந்துவிட்டது. கால் கூடிவிட்டது. நாங்கள்தான் கூடவில்லை.

ஃபேர்லேண்ட்ஸ் வாடகை வீட்டில் காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் காப்பி போடுவேன். ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறிய பிறகு அதையும் குடிப்பேன். கொடியில் அவள் விட்டுப்போன சீலையை மடித்து வைக்க மனம் வரவில்லை. மடித்தால் அவள் ஊரில் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். பதினைந்து பைசா கார்டில் 'உடனே புறப்பட்டு வா' என்று எழுதுவேன். 'வாரனுங்க' என்று பதில் வரும். பதில் மட்டும்தான் வரும்.

நான் சேலத்தில் ஒரு தினசரியில் உதவி ஆசிரியர். ஞாயிறுதோறும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தை எழுதுவதும் என் தலையில். அந்தச் சனிக்கிழமை டெலிபிரிண்டர் சற்று ஓய்ந்த நேரத்தில் அகராதியைப் புரட்டினேன். 'ஹஸ்பெண்ட்' கண்ணில் பட்டது. நார்வே பக்கத்துப் பழைய பேச்சிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சொல். முன்பாதி, வீடு. பின்பாதி, அதில் குடியிருந்து நிலத்தை ஆள்பவன். ஆதியில் அதற்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டு எஜமானன், உழவன், காரியஸ்தன் என்றெல்லாம் உழைத்துக் களைத்த பிறகுதான் அந்தச் சொல் தாலி கட்டியவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சிக்கனமாக இருப்பதற்கும் அதே சொல். ஆடு மாடு வளர்ப்புக்கும் அதன் வம்சத்துச் சொல்தான்.

ஆனால் முதல் அர்த்தம் எஜமானன்! அச்சில் இருக்கிறது. மறுநாள் மேச்சேரி பஸ்ஸைப் பிடித்தேன்.

வசந்தாமணி ஆட்டுப்பட்டி வாசலில் நின்று வேலமரத்துத் தழையைத் தொரட்டியால் இழுத்துக்கொண்டிருந்தாள். தொரட்டி என்றால் நுனியில் அரிவாள் கட்டிய நெட்டைக் கம்பு. வெயிலில் கறுத்துப்போயிருந்தாள். பார்த்ததும் எஜமானன் ஓட்டமும் நடையுமாக அவளிடம் போனான்.

"வாங்க. கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சுங்களே. என்னத்தத் தின்னீங்க?"

"காப்பி."

"அப்பறம்?"

"ஆறின காப்பி. கெளம்பு வசந்தா, நம்ம ஊட்டுக்குப் போலாம்."

"எப்படிங்க வாரது? செனையாடெல்லாம் இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. ஈனற பட்டியக் கூலியாளுகிட்ட உடறதில்லீங்க எங்கூட்டுல. தொரட்டி யாரு கையிலயோ அவிங்க இந்த எடத்த உட்டு நகரக்கூடாது."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஹஸ்பெண்டை அவிழ்த்துவிட்டேன். நார்வேயில் ஆரம்பித்து ஒரு அர்த்தம் விடாமல் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்த மாமனார் செங்கோட்டையன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஊடு, காடு, ஆடு மூணும் அந்த ஒத்தச் சொல்லுக்குள்ளயா மாப்ள? வெள்ளக்காரன் வெவரமானவனுங்க!"

"ஆமாங்க மாமா. பொறுப்பு பூராவும் ஹஸ்பெண்டோடது. அதப் பொம்பள எதுக்குச் சொமக்கோணும்?"

"அப்படிங்களா?" என்றாள் வசந்தாமணி. குரலில் அத்தனை பணிவு. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத பணிவு. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"அப்படித்தான்."

"அப்பச் சரிங்க. இதச் சித்த புடிங்க, சீல மாத்திட்டு வாரேன்."

பிடித்தேன். ஜெயித்த பூரிப்பில் செங்கோலைப் போலப் பிடித்தேன்.

மாமனார் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "இந்த ஊட்டுத் தொரட்டிய ஒரு மாப்ள வாங்கி நாம் பாத்ததில்லீங்க. பட்டி இனி உங்குளுது சாமி."

"மாமா, நான் சும்மா..."

"சும்மா வாங்கறதில்லீங்க மாப்ள. வாங்குனவிங்க திருப்பிக் குடுத்தா செனையாட்டுக்கு ஆகாது."

வசந்தாமணி பையோடு வெளியே வந்தாள். தலையில் பூகூட வைத்திருந்தாள்.

"வசந்தா! நீ மட்டும் போனா, நான்?"

"ஐப்பசிக்குள்ள ஈனி முடிஞ்சுருமுங்க."

"என் ஆபீசு?"

"போற வழியில லீவு சொல்லிப்போடறனுங்க."

"நீயில்லாம அங்க எப்படித் தவிச்சேன் தெரியுமா?"

அவள் நின்றாள். முகத்தில் கோபம் இல்லை.

"நானுந்தானுங்க. பஸ்ஸு ஹாரன் கேக்கறப்பெல்லாம் ரோட்டப் பாத்துட்டு நின்னேன். வா வான்னு எழுதுனீங்க. ஒரு நா வந்து தங்குனீங்களா?"

என் தோளில் ஒட்டியிருந்த வேலந்தழையைத் தட்டிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

சபதம் நிறைவேறிவிட்டது. என் மனைவி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இங்கே என்னை எஜமானன் என்று ஒப்புக்கொண்டிருப்பது ஒரே ஒரு கிழட்டுச் செம்மறி, அதுவும் தழை தீரும் வரை.