மணக்காமல் காய்ச்சுவது எப்படி

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சண்முகலிங்கம் தேத்தண்ணி கேட்டார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீர் நின்றுபோன குழாயில் வருகிற காற்றைப் போல ஒரு சீறல் மட்டும் வந்தது.

அடுப்படியில் நின்ற தில்லைநாயகி திரும்பிப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருடக் கலியாணத்தில் அவர் கேட்டது அவள் காதில் விழாமல் போவது புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை அவள்மேல் பிழை இல்லை.

"என்னப்பா, தொண்டை அடைச்சுப் போச்சோ?"

தலையாட்டினார்.

"அப்ப வியாழக்கிழமை என்னண்டு கதைக்கப் போறியள்?"

அதுதான் விஷயம். வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நகரசபையில் குடியுரிமை நேர்முகம். சுவிஸில் இந்த டாவோஸுக்கு வந்து இருபத்தெட்டு வருடம், அதில் இருபத்தாறு ஒரே ஹோட்டலில் கோப்பை கழுவியது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்து ஜெர்மனில் கேட்பார்கள், இந்தப் பக்கம் இருந்து இவர் ஜெர்மனில் சொல்ல வேண்டும். கழுவுகிற மெஷினுக்கு முன்னால் நின்று ஆறு மாதமாகச் சத்தம் போட்டுப் பாடமாக்கியிருந்தார். பாடம் தொண்டைவரை நிறைந்து கிடந்தது. வெளியே வரத்தான் வழி இல்லை.

வின்டர்தூரில் இருக்கும் மகள் மிதுஷா போனில் ஒரே சொல்லாய்ச் சொல்லிவிட்டாள். "திகதியை மாத்தினா அடுத்த வருஷந்தான், அப்பா. அதோட, உங்களைப் பற்றி அயலட்டையில ஒராளிட்டையும் கடிதம் கேட்டிருக்கினம். மேல்வீட்டு மனிசியிட்டயாம்."

சண்முகலிங்கத்துக்கு இருந்த குரலும் போயிற்று.

மேல்வீட்டில் இருப்பது கட்மர் அம்மா. தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர், தனி ஆள். இரண்டு வருடத்துக்கு முன்னர் குடிவந்தார். அவர் வந்த மூன்றாம் கிழமை கீழ்வாசலில் ஒரு நோட்டீஸ் ஏறியது. கட்டடத்துக்குள் கடும் மணமுள்ள எதையும் காய்ச்சக்கூடாது.

"வேற ஆருக்கு? இந்தக் கட்டடத்தில கறி காய்ச்சிறது நாங்கள்தானே. உவதான் போய்ச் சொல்லியிருக்கிறா" என்று தில்லைநாயகி அன்றைக்கே தீர்ப்பு எழுதினாள். அன்றிலிருந்து கருவாடு பொரிக்க வேண்டுமென்றால் இருவரும் வின்டர்தூருக்கு ரயில் ஏறினார்கள்.

திங்கட்கிழமையும் சண்முகலிங்கம் வேலைக்குப் போனார். தலைமைச் சமையல்காரர் ஒரு இருமல் கேட்ட உடனேயே வெள்ளிக்கிழமைவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். உடுப்பு மாற்றுகிற அறையில் வைத்து, ஹோட்டல் துணிகளைத் தோய்க்கிற லின் அவரைப் பிடித்தாள். பதினொரு வருடப் பழக்கம். இருவரும் கதைப்பது அரைகுறைச் சமையலறை ஜெர்மன்.

"இந்தா, சீன மருந்து. தடிமன், காய்ச்சல் எல்லாத்துக்கும் கேக்கும்." மண்ணிறக் கடதாசியில் சுற்றிய மூன்று பொட்டலங்கள். "நாளுக்கு ஒண்டு. அஞ்சு கோப்பை தண்ணி விட்டு ரெண்டாக வத்தவேணும். குடிச்ச உடன சுடச்சுடக் கஞ்சி. பிறகு போர்த்துக்கொண்டு படுத்து வேர்க்கவேணும்."

எங்கே வாங்கியது என்று கையால் கேட்டார்.

"அதை மட்டும் கேக்காதை" என்றாள் லின், கதவைப் பார்த்துக்கொண்டு.

சீனாவிலிருந்து பெட்டிக்குள் ஒளித்து வந்த சாமான் என்று சண்முகலிங்கம் விளங்கிக்கொண்டார். மரியாதை இன்னும் கூடியது.

வீட்டில் தில்லைநாயகி பொட்டலத்தைப் பிரித்துச் சுளகில் கொட்டினாள். "கறுவா. இஞ்சி. உது அதிமதுரம். இந்தச் சிவப்புப் பழம் இலந்தை மாதிரிக் கிடக்கு. வெள்ளையாச் சீவிக் கிடக்கிற வேர் மட்டும் விளங்கேல்லை. காலமை நான் மல்லித்தண்ணி தந்தன். அது உங்களுக்குக் கைச்சது. சீனாக்காரி தந்தா மட்டும் இனிக்குமோ?"

இருந்தாலும் ஜன்னல்களைச் சாத்தினாள். வாசல் கதவின் கீழே ஈரத் துவாயை அடைத்தாள். மணம் வாசல் பக்கம் போகாதபடி, புகை இழுக்கிற காற்றாடியை மட்டும் முழு வேகத்தில் போட்டாள். அந்தக் காற்றாடியின் குழாய் நேரே மேல்மாடிக்கு ஏறுகிறது என்பது இருபது நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.

கதவு தட்டப்பட்டது. கட்மர் அம்மா நின்றார். மூக்கு முதலில் உள்ளே வந்தது, ஆள் பிறகு.

"என்ன காய்ச்சுகிறீர்கள்?"

"தேத்தண்ணி" என்றாள் தில்லைநாயகி.

"எவ்வளவு நேரமாக?"

சட்டத்தில் நிமிடக் கணக்கும் உண்டாக்கும் என்று நினைத்து, "அஞ்சு நிமிசந்தான்" என்று இறக்கிச் சொன்னாள்.

"ஐந்து போதாதே" என்று கட்மர் அம்மா முகம் சுளித்தார். சண்முகலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார். "நாக்கை நீட்டுங்கள்."

நேர்முகத்துக்கு முதல் இப்படியும் ஒரு சோதனை இருக்கலாம். நீட்டினார். கட்மர் அம்மா சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி எடுத்து ஏதோ எழுதிக்கொண்டு படியேறினார்.

"எழுதிறா" என்றாள் தில்லைநாயகி. "கடிதத்துக்குக் குறிப்பு எடுக்கிறா. பாஸ்போட் போச்சு."

செவ்வாய்க்கிழமை வீட்டுக்குள் அடுப்பு மூட்டவே பயந்து, மின்சார அடுப்பையும் பானையையும் தூக்கிக்கொண்டு நிலக்கீழ்ச் சலவையறைக்குப் போனார் சண்முகலிங்கம். சுவரில் தொங்கிய தோய்க்கிற அட்டவணையில் அன்று எவர் பெயரும் இல்லை. ஆனால் கொடியில் ஐந்து வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. மூலையில் வைத்துக் காய்ச்சினால் என்ன நடக்கப்போகிறது என்று நினைத்தார். ஆவி விரிப்புகளுக்குள் போய்க் குடியேறியது.

அவற்றை எடுக்கக் கட்மர் அம்மாதான் வந்தார்.

அவர் ஒரு விரிப்பை முகத்தில் வைத்து மணந்தார். கண்ணை மூடினார். சண்முகலிங்கமும் கண்ணை மூடினார். ஒருவர் ஆசையில், மற்றவர் பயத்தில் என்று சொல்ல அங்கே மூன்றாம் ஆள் இல்லை.

"எத்தனை கோப்பைத் தண்ணீர்?" என்று கேட்டார் கட்மர் அம்மா.

பொதுக் குழாய்த் தண்ணீர். ஐந்து என்று சொன்னால் அதுவும் கடிதத்தில் ஏறும். இரண்டு விரலைக் காட்டினார்.

"இரண்டா? அடிப்பிடித்துவிடும்" என்று குழாயைத் திறந்து தன் கையாலேயே மூன்று கோப்பை ஊற்றினார். மறுபடியும் கொப்பி. மறுபடியும் எழுத்து. போகும்போது உதட்டில் ஒரு விரலை வைத்துக் காட்டினார்.

"வாயைப் பொத்திக்கொண்டு இரு எண்டு சொல்லியிருக்கிறா. இதை விட என்னண்டு சொல்லுவா?" என்றாள் தில்லைநாயகி. கஞ்சியை வைத்துவிட்டு, மூன்று போர்வையை அவர்மேல் எறிந்தாள். "வேருங்கோ. வேர்வையாவது உங்கட சொல்லைக் கேக்கட்டும்."

வேர்த்தது. மருந்தில் பாதி, பயத்தில் பாதி.

புதன்கிழமை கடைசிப் பொட்டலம். வீட்டிலும் ஏலாது, சலவையறையிலும் ஏலாது. பல்கனியில் முழங்கால்வரை பனி. கோழிக்கு இடம் பண்ணுவதுபோலக் கையால் பனியை விலக்கி, அடுப்பை வைத்து, குடையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். காற்றே இல்லாத நாள். ஆவி கோடு கீறினதுபோல நேரே மேலே போயிற்று, மேல் பல்கனிக்கு.

மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"மூடியைத் திறக்காதீர்கள்" என்றார் கட்மர் அம்மா, மெல்லிய குரலில். "இன்னும் பத்து நிமிடம்."

பத்து நிமிடத்துக்குள் மூடியைத் திறந்தால் பொலிஸ் வரும் என்று எடுத்துக்கொண்டார் சண்முகலிங்கம். மூடியை இரண்டு கையாலும் அமத்திக்கொண்டு கணக்காகப் பத்து நிமிடம் இருந்தார். அவருடைய ஆயுளில் குடித்த மிக நல்ல கசாயம் அதுதான்.

வியாழக்கிழமை காலை "தில்லை, தேத்தண்ணி" என்றார். சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. தில்லைநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி இந்தக் குரலைக் கேட்டுத் துலைக்கவேணும்" என்றாள்.

நகரசபையில் மூன்று பேர். கேட்ட எல்லாவற்றுக்கும் சொன்னார். சுவிஸில் மாநிலம் இருபத்தாறு என்று அவர் சொன்னது படிக்கட்டுவரை கேட்டதாம். கடைசியில் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்மர் அம்மாவின் கடிதத்தை எடுத்தார். சண்முகலிங்கம் கதிரையின் விளிம்பைப் பிடித்தார்.

"'கீழ்வீட்டார் அமைதியானவர்கள்'" என்று வாசித்தார் தலைவர். "'இரண்டு வருடமாக என்னைப் பற்றி ஒரு முறைப்பாடும் செய்யாதவர்கள். இந்தக் கட்டடத்தில் துணிச்சல் உள்ள மனிதர் திரு. சண்முகலிங்கம் ஒருவர்தான்.'" தலைவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "துணிச்சலா? என்ன செய்தீர்கள்?"

சண்முகலிங்கம் நன்றாக யோசித்துப் பார்த்தார். "கோப்பை கழுவினேன்" என்றார்.

மூன்று பேரும் சிரித்தார்கள். சிபாரிசு செய்வதாகச் சொல்லிக் கையும் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை தில்லைநாயகி, மகள் வீட்டில் சுட்டு மிச்சமிருந்த முறுக்கை லின்னுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டாள். ஹோட்டலில் கோப்பை கழுவுகிற தொட்டியடியில் நின்று சண்முகலிங்கம் அதை நீட்டி, "உங்கட சீனத்து மருந்து என்னைக் காப்பாத்திப் போட்டுது. ஊரிலயிருந்து எடுப்பிச்சதோ?" என்று கேட்டார்.

"எந்த ஊர்? நான் பிறந்தது இங்க, பிரெஞ்சு கதைக்கிற ஃப்ரிபூர்க்கில" என்றாள் லின், முறுக்கைக் கடித்தபடி. "எனக்கு மருந்து என்ன தெரியும்? அது ஒரு சுவிஸ் மனிசி கட்டித் தாறது. தபால் கந்தோரில பென்சன் எடுத்தபிறகு சூரிச்சுக்குப் போய் நாலு வருஷம் சீனவைத்தியம் படிச்சவ."

சண்முகலிங்கத்தின் கையில் இருந்த கோப்பை தண்ணீருக்குள் மெல்ல இறங்கிப் போயிற்று.

"அப்ப ஏன் அண்டைக்குக் கேக்க வேண்டாம் எண்டனீங்கள்?"

லின் குரலைத் தாழ்த்தினாள். "பாவம், முந்தி அவவே காய்ச்சிப் போத்திலில தந்தவ. இப்ப ரெண்டு வருஷமா ஏலாது. குடிபோன கட்டடத்தில மணக்குதெண்டு, அவவுக்கெண்டே கீழ்வாசலில நோட்டீஸ் ஒட்டியிருக்கினமாம்."