வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு

மலாக்கா மாநிலத்திலேயே ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லத் தெரியாத ஒரே மனிதர், டுரியான் துங்கால் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய, நாங்கள் ‘முன்கதை’ என்று பட்டப்பெயர் வைத்திருந்த அண்ணன்தான்.

ஒருமுறை, பஸ் போய்விட்டதா என்று கேட்டேன்.

“முந்தாநேத்து மழை பேஞ்சுச்சுல்ல தம்பி? அதுல டிரைவரு நனைஞ்சிட்டாரு. அவரு பொஞ்சாதி வேற ஊர்ல இல்ல...”

அவர் கதைக்குள் டிரைவருக்குக் கஷாயம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது, நின்றது, போயும்விட்டது.

“சுருக்கமா சொல்லக்கூடாதாண்ணே?”

“மொட்டையா சொன்னா தப்பாப் போயிடும்லா!”

நான் வாயில்லாப்பூச்சி. எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் வந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். இல்லாவிட்டால் எங்கள் சோறு காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ஒரு பருக்கை சோறு வெளியே போனாலும் ஜெயில்.

அந்த வருஷம் ஆடி அமாவாசையன்று, செத்துப்போன மனைவிக்குப் படைத்துவிட்டுக் காக்காய்க்குச் சோறு வைத்தார் முன்கதை. காக்காய் தொட்ட பிறகுதான் அவர் சாப்பிட வேண்டும். அதுவோ வேலிக்கு வெளியே மரத்தைவிட்டு இறங்கவில்லை.

“உசுரோட இருந்தப்பவும் ஒனக்கு இந்த வீம்புதான்டி!” என்று காக்காயைத் திட்டினார். கெஞ்சினார். வெயில் சாய்ந்தது. அவள் பசியோடு போய்விடுவாளே என்று கம்பிக்குள் கையை விட்டு, வெளியே ஒரு கட்டைமேல் ஒரு பிடி சோறு வைத்தார்.

வேலிக்குக் காவல் நின்ற போலீஸ்காரர்கள் நீட்டிய கையோடு பிடித்துவிட்டார்கள்.

தோட்ட ஆபீசில் வெள்ளைக்கார அதிகாரி காத்திருந்தார். வாசலில் கங்காணி கெஞ்சினார்: “யோவ், ஒன் கதையை ஆரம்பிச்சிடாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, விட்டுருவாங்க.”

மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: “வேலிக்கு வெளிய சோறு வச்சியா?”

“எம் பொஞ்சாதி இருக்காளே, அவ செத்த வருசம்...”

“வச்சியா, இல்லையா?”

முன்கதை திரும்பிப் பார்த்தார். கங்காணி உதட்டில் விரலை வைத்தார்.

“வச்சேங்க.”

வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே சுருக்கமான பதில். வாசலில் நின்ற நாங்கள் எல்லாரும், நான்கூட, “அமாவாசைங்க! காக்காய்க்குங்க!” என்று கத்தினோம். கலைந்து போகச் சொன்னார்கள். அவரை லாரியில் ஏற்றினார்கள்.

லாரி மறைந்ததும் காக்காய் இறங்கிவந்து அந்தச் சோற்றைத் தின்றது.

அவர் திரும்பவில்லை. கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. அவர் பிறந்ததே இந்த லயத்தில்தான். அங்கே யாரைத் தெரியும் அவருக்கு?

இப்போதும் புதிதாக வருகிறவர்கள், “கம்யூனிஸ்டுக்குச் சோறு போட்டாராமே?” என்று கேட்கிறார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற நான், “உக்காருங்க” என்கிறேன்.

“அவரு பொஞ்சாதிக்கு வீம்பு கொஞ்சம் ஜாஸ்தி...” என்று அங்கிருந்து தொடங்குகிறேன்.