நலம்விரும்பிக்கு மாற்று ஆள் தேவை

சௌபாக்கியவதி அம்முவுக்கு,

அண்ணா வைத்தீஸ்வரன் செம்பூரிலிருந்து ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் ருக்குவும் குழந்தை வந்தனாவும் சௌக்கியம். நெருளில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பதாக எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் பேசக்கூடாதா என்பாய். இரண்டு அறை வீட்டில் எதைப் பேசினாலும் வந்தனா காதில் விழும். இது விழக்கூடாத விஷயம்.

அவள் பி.எட். படிக்கிறாள் அல்லவா, பயிற்சிக்கு தாராவியில் ஒரு முனிசிபல் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். என்ன நடத்தினோம், எங்கே கோட்டை விட்டோம் என்று வாரா வாரம் பிளாகில் எழுத வேண்டுமாம். நாலு பேர் கருத்துச் சொல்ல, இவள் பதில் எழுத வேண்டுமாம். தான் சொதப்பியதை உலகத்துக்கே எழுதிப் போடுவதற்குப் பெயர் படிப்பா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதல் வாரம் பீட்சா படம் போட்டுப் பின்னம் நடத்தினாள். நாற்பது பிள்ளைகளும் பேந்தப் பேந்த விழித்தார்களாம். எழுதிப் போட்டாள், ஒரு ஈ காக்கை கருத்துச் சொல்லவில்லை. டீச்சர் வேலையே வேண்டாம் என்று அழுதாள். பெற்ற மனசு கேட்குமா? பார்க்கில் என்னோடு நடக்கும் ஜம்புவிடம் சொன்னேன். அவர் தன் வாக்கிங் கோஷ்டியையே ஏவிவிட, இருபத்தாறு 'வெரி நைஸ்', நடுவில் ஒரு கல்யாண நாள் வாழ்த்து. இது கலந்துரையாடல் அல்ல என்று புரொபசர் எழுதிவிட்டார். குழந்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வேறு வழியில்லாமல் 'நலம்விரும்பி' என்ற பெயரில் நானே எழுதினேன்: "அந்தப் பிள்ளைகள் பீட்சாவைக் கண்டார்களா? வடாபாவைப் பாதியாகப் பிட்டுக்கொள்ளும்போது சண்டை வருமே, அதைக் கேட்டுப் பார்த்தாயா?" மறுநாள் வடாபாவோடு போயிருக்கிறாள். பன் சரிபாதியானாலும், உள்ளே வடை அதிகம் இருக்கிற பாதி எப்படிப் பாதியாகும் என்று ஒரு பெண் கேட்டு, வகுப்பே இரண்டு கட்சியாகிவிட்டதாம். சமபாகம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அதுகளுக்குப் புரிந்ததாம், தனக்கும்தானாம். நான் முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே ஆபீசில் குப்பை கொட்டினேன், இன்னிக்கு என்ன தப்புப் பண்ணினோம்னு ஒரு நாள் உட்கார்ந்து யோசிச்சதுண்டா?

இப்போது வாரா வாரம் நான் கேட்கிறேன், அவள் எழுதுகிறாள். போன வாரம் நலம்விரும்பிக்கு எழுதியிருந்தாள்: "அப்பாவிடம் சொன்னால், 'எல்லாம் சரியாகிவிடும், சாப்பிடு' என்பார். நீங்கள்தான் கேள்வி கேட்கிறீர்கள்." அம்மு, எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

திங்கட்கிழமை எனக்குக் கண்புரை ஆபரேஷன். பதினைந்து நாள் போனைத் தொடக்கூடாதாம். அதுவரை நலம்விரும்பியாக நீ எழுத வேண்டும். நான்தான் என்று தெரிந்தால் அவள் மனம்விட்டு எழுதுவதை நிறுத்திவிடுவாள். ரகசியம் பத்திரம்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி.

அண்ணா வைத்தி

பி.கு.: நீ ஒன்றும் எழுத வேண்டாம். ஸ்டாம்பு ஒட்டுகிறேன் என்று வாங்கிப் போன வந்தனா கடிதத்தைப் படித்துவிட்டாள். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். கமெண்டுக்கு மேலே செம்பூர், தேதி என்று போட்டு, கீழே 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிக்கிற நலம்விரும்பி உலகத்தில் வேறு யார் என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க கேக்கறதை நிறுத்திடுவேளேப்பா" என்றாள். பதினைந்து நாளும் அவள் படித்துக் காட்டுவாளாம். நான் கேள்வியைச் சொன்னால் அவளே டைப் பண்ணிக்கொள்வாளாம்.