தராசில் ஏறிய தேவராஜா

ஞாயிற்றுக்கிழமைகளில் செவன் ஹில்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. சச்சிதானந்தனின் கராஜில் எகிப்து திறந்திருக்கும்.

1975. செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்துவைக்கச் சிட்னியில் ஐயர் இல்லை. செத்தவர் எங்கே போனார் என்று சொல்ல ஆளின்றித் தமிழர் தவித்தார்கள். சச்சிதானந்தன் சொன்னார். விமானம் மாறுவதற்காகக் கெய்ரோவில் ஒரு பகல் காத்திருந்தவர். அந்த ஒரு பகலில் நாலாயிரம் வருடப் பழைய எழுத்தைப் படித்து முடித்துவிட்டார். பேராசிரியர் பட்டத்தையும் அவரே சூட்டிக்கொண்டார்.

யோகராணி முன்வரிசையில் இருந்தாள். கையில் கணவன் தேவராஜாவின் படம். மாரடைப்பில் போய் இரண்டு மாதம். கைப்பையில் அவள் கழற்றி வைத்த தாலிக்கொடி. வீட்டில் இருந்த பொன் அவ்வளவுதான். அது மகளுக்கு. பக்கத்துக் கதிரையில் கண் டொக்டர் வரதராஜா. ஊரார் கண்ணையெல்லாம் சோதிப்பவர்.

"எகிப்தில பிரேதத்தைப் பதப்படுத்தேக்க மூளையை மூக்காலை இழுத்து எறிஞ்சுபோடுவினம்," என்றார் பேராசிரியர். "இதயத்தை மட்டும் விட்டுவைப்பினம். அதுதான் முக்கியம்."

கூட்டம் தலையாட்டியது.

மறு உலகில் அந்த இதயத்தை நீதித் தெய்வத்தின் இறகோடு நிறுப்பார்களாம். இறகைவிடக் கனத்தால் முதலைத் தலை மிருகம் விழுங்கிவிடுமாம். சிட்னி ஆஸ்பத்திரிகள் இதயத்தைக் கையில் தரமாட்டா. ஆகவே புகைப்படம். கறுப்புத் துணி விரித்த மேசையில் தராசு. ஒரு தட்டில் தேவராஜா. மறு தட்டில், படத்தின் கனத்துக்கு ஈடாக வைத்த படிக்கல்லின் மேல், தீக்கோழி இறகு. பார்வைக்கு ஈமு இறகு போலத்தான் இருந்தது.

செத்தவர் தெய்வத்திடம் சொல்லவேண்டியதை, அவருக்காகப் பேராசிரியர் எகிப்துச் சுவடியிலிருந்து வாசித்தார்.

"நான் களவெடுக்கேல்லை."

தட்டு அசையவில்லை.

"நான் தராசில கள்ளம் செய்யேல்லை."

இதை வாசிக்கும்போதும் அவர் குரல் நடுங்கவில்லை.

"நான் ஒருத்தரையும் அழப்பண்ணேல்லை."

தேவராஜா தொம்மென்று இறங்கினார்.

"மனுசியை அழப்பண்ணியிருக்கிறார்," என்றார் பேராசிரியர். "முதலை வாயைத் திறந்திட்டுது, தங்கச்சி. இவரை மீட்கிற விடுதலைச் சுவடியைப் பொன் மையாலதான் எழுதவேணும். பொன் அந்தந்த வீட்டில இருந்துதான் வரவேணும்."

"நான் அப்பவே நினைச்சனான்," என்றாள் பின்வரிசைச் சிவனேஸ்வரி. "வாய் திறவாத ஆக்களை நம்பேலாது."

யோகராணியின் கை கைப்பைக்குள் போனது. கொடியைத் தொட்டது. அங்கேயே நின்றது.

இருபது வருடத்தில் அந்த வீட்டில் அழுதவர் ஒருவர்தான். வெங்காயம் அரிகிற தேவராஜா.

"பேராசிரியர், இவர் என்னை அழப்பண்ணேல்லை. நான்தான் இவரை அழப்பண்ணினனான்."

"தெய்வத் தராசு பொய் சொல்லாது, தங்கச்சி."

"அப்ப பாப்பம்." இரண்டு விரலால் படத்தை எடுத்தாள். "இறங்குங்கோப்பா, வீட்டை போவம்."

தேவராஜா கைப்பைக்குள் போனார். தட்டு எழும்பவில்லை. ஆளில்லை. பாவம் மட்டும் தனியே கனத்துக்கொண்டிருந்தது.

"இப்ப ஆருடைய பாவம் கனக்குது?" என்றாள்.

வரதராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேசைக்குக் கீழே பேராசிரியரின் கால் மெல்ல நகர்ந்தது. தட்டு துள்ளி எழுந்தது.

"காலைத் திரும்ப வையுங்கோ," என்றாள் யோகராணி.

அவர் வைக்கவில்லை. அவள் கறுப்புத் துணியை உருவினாள். கீழே கார் பற்றரி, வயர், காலால் மிதிக்கும் சுவிட்ச். இரும்புத் தட்டுக்கு நேர்கீழே, கம்பி சுற்றிய காந்தம்.

"நான் அப்பவே நினைச்சனான்," என்றாள் சிவனேஸ்வரி.

"தராசுக் கள்ளத்தைப் பற்றி ஒரு வரி வாசிச்சீங்கள்," என்றாள் யோகராணி. "இன்னொருக்கா வாசியுங்கோ. இந்த முறை உங்களுக்காக."

பேராசிரியருக்கு அந்த எழுத்து மறந்துபோயிற்று.

அவள் காருக்குப் போகையில் வரதராஜா பின்னால் வந்தார். "தங்கச்சி, இவ்வளவு படிச்ச எங்களுக்கு இது ஏன் தோன்றேல்லை?"

"அவர் சொன்னவரெல்லோ டொக்டர், மூளையை மூக்காலை எடுக்கிறதெண்டு. எகிப்துக்காரர் செத்தாப்பிறகுதான் எடுத்தவை. நாங்கள் உயிரோடையே கழட்டி எறிஞ்சுபோட்டெல்லோ கதிரையில வந்து இருந்தனாங்கள்."