கத்திரி அக்காவின் முன்னறை

சுழல் நாற்காலி வாசற்படியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னறை முழுக்க, சுவரோடு சுவராகக் கூரை முட்ட, துப்பாக்கி விற்ற கணக்குப் பதிவேடுகள்.

"தள்ளுங்க!" என்றாள் கத்திரி அக்கா.

"எங்கே தள்ள? இந்தப் பக்கம் நான் இருக்கேன்" என்றார் கணவர், நாற்காலிக்கு மறுபுறமிருந்து.

கத்திரி அக்கா என்பது வாடிக்கைக்காரிகள் வைத்த பெயர். பாதி அவள் கையிலிருந்த கத்திரிக்காக, மீதி வாய்க்காக. யார் யாருடைய அழகு நிலையத்திலோ கால் கடுக்க நின்று முடி வெட்டி, முதலாளியம்மாக்களிடம் பேச்சு வாங்கி, ஒருநாள் "போங்கடி, நீங்களும் உங்க சீப்பும்" என்று வெளியே வந்தவள். இனி எவளிடமும் கைகட்டி நிற்பதில்லை, சொந்த முன்னறையில் சொந்த அழகு நிலையம் என்று சபதமே போட்டிருந்தாள். அதற்கு வாங்கிய முதல் பொருள்தான் இந்த நாற்காலி.

கணவர் துப்பாக்கி வியாபாரி. கதவைப் படாரென்று சாத்தினாலே திடுக்கிடுகிறவர். கடை கையகலம் என்பதால் பதிவேடுகளை வீட்டில் வைக்க அனுமதி வாங்கியிருந்தார்.

நாற்காலி அடுப்படிக்குப் போயிற்று. கணவர் அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினால் நாற்காலி சுழன்று, அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டது.

"பழசையெல்லாம் தூக்கிப் போடுங்க" என்றாள்.

"கூடாது. சட்டம்."

"சட்டம் என்ன, நம்ம வீட்டு மாப்பிள்ளையா? முன்னறையில உட்கார வச்சு உபசாரம் பண்ண?"

இவரிடம் பேசிப் பயனில்லை என்று உரிம அலுவலகத்துக்கே போன் போட்டாள்.

"துப்பாக்கி வித்த கணக்கை எத்தனை காலம் சார் வச்சிருக்கணும்?"

"கடை இருக்கிற வரைக்கும்" என்றார் அதிகாரி.

"வாங்கினவனே செத்திருந்தா?"

"அவர் செத்தாலும் துப்பாக்கி சாகாதேம்மா. நாளைக்கு அது எவன் கையிலயாவது அகப்பட்டா, எங்கேருந்து வந்ததுன்னு பார்க்க வேண்டாமா?"

பதில் நியாயமாக இருந்தது. அதனாலேயே அவளுக்கு எரிச்சல் கூடியது.

முதலில் கட்டிலுக்கடியில் அடுக்கிப் பார்த்தாள். கட்டிலின் கால்கள் தரையை விட்டு எழும்பின. கணவர் ஸ்டூல் போட்டு ஏறிப் படுத்தார்.

"ஃபேனைப் போட்டா மூக்கு போயிடும், போடாட்டா உயிரே போயிடும்" என்று மேலிருந்து முனகினார்.

அத்தனை பாடுபட்டும் முன்னறையில் ஒரு மூலைதான் காலியானது. மறுபடி போன்.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுட்டா?"

"தாராளமா போடுங்க. ஆனா அதை அச்சடிச்சு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கணும். பழசும் இருக்கணும்."

அச்சடித்த தாள்கள் ஏறி, காலியான மூலையும் போயிற்று. குளியலறை வாளிக்குப் பக்கத்திலும் ஒரு வரிசை எழும்பியது. சட்டத்தின் மேல் ஒரு சொட்டு படாமல் இருவரும் குளிக்கப் பழகினார்கள்.

ஒருநாள் ஈரத் தலையோடு போனை எடுத்தாள்.

"கடை இருக்கிற வரைக்கும்னுதானே சொன்னீங்க? கடையையே மூடிட்டா?"

அந்தப் பக்கம் ஏதோ தாள் புரளும் சத்தம். "மூடினா அதெல்லாம் அரசாங்கப் பொறுப்பும்மா. ஆமா, அந்த முன்னறை பெரிசா?"

"பெரிசாவா? ஒரு கல்யாணமே நடத்தலாம்! அதைத்தானே அடைச்சு வச்சிருக்கீங்க!"

கணவர் வந்ததும் அவர் முன்னால் போய் நின்றாள். "கடையை மூடுங்க. நான் சம்பாதிச்சுப் போடறேன். நானா உங்க சட்டமான்னு ஒரு கை பார்த்துடறேன்."

"சரி" என்றார் அவர்.

அவ்வளவுதான். சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாய்ப் போயிற்று. இந்த மனுஷன் இத்தனை நல்லவரா என்று முதல்முறையாக அவருக்காக மனம் இளகினாள்.

கடை மூடியது. அதிகாரி நேரிலேயே வந்து, டேப் பிடித்து முன்னறையை அளந்தார். எத்தனை லாரி தேவைப்படும் என்று கணக்குப் போடுகிறார் போலும் என்று நினைத்தாள்.

"அருமையான அறைம்மா."

"அருமையா இருந்து என்ன, எனக்கு ஆகலையே! இந்த வீட்டுக் கூரைக்குக் கீழே இனிமே நான்தான் சட்டம், எழுதிக்குங்க!"

அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டு போனார். அரசாங்கமும் அதட்டினால்தான் அசைகிறது என்று அவளுக்கு ஒரே பெருமை.

மறுவாரம் லாரி வந்தது. அழகு நிலையத்தின் பெயர்ப்பலகையில் அப்போதுதான் வண்ணம் காய்ந்திருந்தது. தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் முளைத்தன. கணவர் மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

கத்திரி அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். "எல்லாரும் பார்த்துக்குங்க! ஒத்தைப் பொம்பளையா நின்னு அரசாங்கத்தையே வாசலுக்கு வரவழைச்சிருக்கேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பிறகு லாரிக்காரரிடம் திரும்பினாள். "ம்... ஏத்துங்க! ஒரு தாள் விடாம ஏத்துங்க!"

லாரிக்காரர் தார்ப்பாயை அவிழ்த்தபடி தலையைச் சொறிந்தார்.

"ஏத்துறதா? இறக்க வந்திருக்கோம்மா. ஊர்ல மூடின துப்பாக்கிக் கடை அத்தனையோட பதிவேடும் இனிமே உங்க முன்னறையிலதானாம், காப்பாளர் வேலைக்கு உங்க வீட்டுக்காரர் போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டாரே!"