ஒற்றை இருக்கைப் படகு

பத்தொன்பது வருஷம் அடுத்தவன் படகில் நங்கூரம் தூக்கியவனுக்கு ஒரு நாள் ரோஷம் வந்தால் அதில் தப்பே இல்லை. எனக்குப் போன டிசம்பரில் வந்தது.

அடுத்தவன் என்றால் டுவேன். என் மனைவி மார்லிஸின் அண்ணன். மே மாதத்தில் வாலாய் மீன் பிடிக்கத் தடை நீங்கும் முதல் சனிக்கிழமை, எங்கள் மினசோட்டாவில் ஆண்பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டவன் எவனும் வீட்டில் இருக்க மாட்டான். நானும் இருந்ததில்லை. டுவேனின் படகில் இருந்தேன். "மாப்ளே, நங்கூரத்தைப் போடு." போடுவேன். "மாப்ளே, இங்க மீனே இல்ல, தூக்கு." தூக்குவேன். இதற்கு நடுவே என் தூண்டில் தண்ணீரைப் பார்ப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். இடுப்பு வலியோடு வீடு திரும்புவேன். மறுநாள் அன்னையர் தினம். மீனும் அம்மாவும் ஒரே வாரக் கடைசியில் வந்து தொலைப்பது எங்கள் ஊர் ஆண்களின் தலைவிதி. முதல் நாள் பெண்டாட்டியைத் தனியாக விட்டுப்போனதற்கு மறுநாள் முழுக்கத் திட்டு வாங்க வேண்டும்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். காலையும் மாலையும் நாற்பத்தேழு பிள்ளைகளின் கூச்சல் என் பின்னந்தலையில்தான் இறங்கும். வீட்டுக்கு வந்தால் மார்லிஸ் பேசுவாள். சனிக்கிழமை டுவேன் பேசுவான். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு காலை. ஒரே ஒரு காலை. தண்ணீர், தூண்டில், நான். கேட்டது அதிகமா, நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் சொந்தப் படகு. அதுவும் ஒரே ஒரு இருக்கை வைத்த படகு. இரண்டாவது ஆள் ஏற இடமே இருக்காது. முக்கியமாக, நங்கூரம் கிடையாது. தபாலில் வரைபடம் வாங்கினேன். பன்னிரண்டடி நீளம், பிளைவுட், மேலே கண்ணாடி நார்த் துணி, எபாக்ஸிப் பிசின். 'முதன்முறை கட்டுபவருக்கும் ஆறு வாரங்களில் சாத்தியம்' என்று அட்டையில் போட்டிருந்தது. அதை எழுதியவன் மினசோட்டாவுக்கு வந்ததே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

"மார்லிஸ், நான் படகு கட்டப் போறேன்."

அவள் பின்னிக்கொண்டிருந்த கம்பளிச் சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன வருஷம் பறவைக் கூண்டு கட்டுனீங்க."

"ஆமா."

"ஒரு பறவை கூட வரலை."

"அணில் வருதுல்ல?"

"கூரை இல்லாததால வருது."

நான் மேஜையைத் தட்டினேன். மெதுவாகத்தான். "இதோ பாரு. படகு, ஏரி, மீன். இந்த மூணு விஷயத்துல நீ தலையிடவே கூடாது. எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சின்னச் சின்ன விஷயத்தைக் கூட?"

"சின்னதோ பெருசோ, உன் கை படக்கூடாது."

ஊசியைக் கீழே வைத்தாள். "சரிங்க," என்றாள்.

இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் மார்லிஸ் மறுபேச்சில்லாமல் 'சரிங்க' சொன்னது அன்றைக்குத்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் இரண்டாவது கப் காப்பி குடித்தேன்.

படகுக்கு இடம் கராஜ்தான். அங்கே அவள் கார் நின்றது. வெளியே தள்ளினேன். ஜனவரி மாதம் வெளியே நிற்கும் காரின் கண்ணாடியில் விரல் கனத்துக்குப் பனி உறையும். மார்லிஸ் சுரண்டும் கட்டையை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து விடிவதற்குள் எழுந்து அவள் காரைச் சுரண்டினேன். பிறகு என் பேருந்தைச் சுரண்டினேன். சாயங்காலம் பிளைவுட்டைத் தேய்த்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க எதையாவது சுரண்டிக்கொண்டேதான் இருந்தேன்.

பலகைகளை ஓரத்தோடு ஓரம் வைத்துச் செப்புக் கம்பியால் தைக்க வேண்டும். ஆமாம், தைக்கத்தான் வேண்டும். துளை போட்டு, கம்பி விட்டு, முறுக்கி. முந்நூறு தையல். ஒன்பது விரலில் பிளாஸ்திரி ஒட்டினேன்.

மார்லிஸ் வாசலில் நின்று பார்த்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல சட்டைக்கு ஒரு பட்டன் தைச்சதில்லை."

"தலையிடாதேன்னு சொன்னேன்."

"தலையிடலை. அதிசயமா இருக்கேன்னு பார்த்தேன்."

அடுத்தது பிசின். இரண்டு டப்பா. ஒன்றில் பிசின், மற்றதில் அதை இறுக வைக்கும் திரவம். கலந்து துணி மேல் பூசினால் ஒரே ராத்திரியில் கல்லாக வேண்டும். பூசினேன். காலையில் தொட்டேன். ஒட்டியது. மறுநாளும் தொட்டேன். ஒட்டியது. ஒரு வாரம் பாகு பதத்திலேயே நின்றது. எட்டாம் நாள் என் கையுறை அதில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அந்தக் கையுறை இன்றைக்கும் படகின் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது.

டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது, குளிர் இருந்தால் இறுகாதாம். கராஜில் தண்ணீர் வாளியே உறைந்து கிடந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல ஹீட்டர். அது மார்லிஸின் தையல் அறையில் இருந்தது.

"ஒரு வாரத்துக்கு ஹீட்டர் குடுக்கறியா?"

"நான் தலையிடக் கூடாதுன்னு..."

"தலையிட வேணாம். ஹீட்டரை மட்டும் குடு."

யோசித்தாள். "குடுக்கறேன். ஆனா ஒண்ணு. படகுல பின்பக்கம் இன்னொரு பலகை போடுங்க."

"எதுக்கு?"

"சாப்பாட்டுப் பெட்டி வைக்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

சாப்பாட்டுப் பெட்டி என்றதும் எனக்கு மனசு இளகிவிட்டது. பலகை போட்டேன். வந்து பார்த்தாள்.

"இது பத்தாது. முதுகு சாயறதுக்கு ஒரு பலகை வேணும்."

"பெட்டிக்கு முதுகு ஏது?"

"பின்னாடி விழுந்துட்டா? அவ்வளவு சாப்பாடும் ஏரிக்குப் போயிடும்."

நியாயமாகத்தான் பட்டது. அகலம் எவ்வளவு என்று கேட்டேன். அளவுநாடா எங்கே போனதோ தெரியவில்லை. "இருங்க," என்று அவளே படகில் ஏறி உட்கார்ந்து காட்டினாள். இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டேன். சாப்பாட்டுப் பெட்டிக்கு அவ்வளவு அகலம் எதற்கு என்று கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. கண்ணாடி நாரைத் தேய்த்த தூசு கழுத்துக்குள் போய் ஐந்து ராத்திரி தூங்கியிருக்கவில்லை. அரிப்பு அப்படி.

ஏப்ரல் வந்தது. வெளிப்புறம் பூச படகைக் கவிழ்க்க வேண்டும். தனியாளால் முடியாது. டுவேனைக் கூப்பிட்டால் ஜென்மத்துக்கும் சொல்லிக்காட்டுவான். மறுபடியும் மார்லிஸ்.

"ஒரு கை பிடி."

"பிடிக்கறேன். நங்கூரம் வச்சுக்கறீங்களா?"

"முடியாது. அந்த ஒரு சொல்லை இந்த வீட்டுல சொல்லாதே."

"காத்தடிச்சா படகு எங்கேயாவது ஒதுங்கிடும். எனக்குப் பயமா இருக்குங்க." குரல் தழுதழுத்தது. கண்ணில் நீர் கூட வந்த மாதிரி இருந்தது. அடடா, இவளுக்கு என் மேல் இவ்வளவு பாசமா என்று நான் உருகிவிட்டேன். காலி காப்பி டின் ஒன்றில் சிமெண்டை ஊற்றி, கொக்கி வைத்து, நங்கூரத்தை அவளே செய்து கொடுத்தாள். இருபது பவுண்டு இருக்கும். டுவேனுடையதை விடக் கனம்.

எப்படியோ ஆறு வாரப் படகு ஐந்து மாதத்தில் முடிந்தது. பச்சைச் சாயம் அடித்தேன். ஏரியில் பனிக்கட்டி கரைந்தது. அந்தச் சனிக்கிழமையும் வந்தது. விடியற்காலை நாலரைக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி இறங்கினேன். காப்பி கூடப் போடவில்லை. கராஜ் கதவைத் திறந்தேன். முந்தின ராத்திரியே நான் படகை ஏற்றி வைத்திருந்த வண்டியின் முன்சீட்டில் மார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். தொப்பி போட்டிருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பெட்டி. கையில் மெத்தை. மெத்தைக்கு உறை பச்சை நிறம், படகின் பச்சை.

"காப்பி இருக்கு, ஏறுங்க," என்றாள்.

வழியெல்லாம் யோசித்தேன். படகில் இரண்டு இருக்கை இருக்கிறது என்பதை இனி மறைக்க முடியாது. காற்று அதிகம் என்றேன், இல்லை என்றாள். குளிரும் என்றேன், ஐந்து மாதம் பின்னிய கம்பளிச் சட்டையைக் காட்டினாள். படகுத்துறை வந்துவிட்டது. படகைத் தண்ணீரில் இறக்கினோம். மிதந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னொரு குளிர்காலம் கூடச் சுரண்டலாம் போலிருந்தது.

மார்லிஸ் ஒரு காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்தாள். அப்போதுதான் எனக்கு அந்தப் பிரம்மாஸ்திரம் ஞாபகம் வந்தது.

"நில்லு. உனக்கு மீன்பிடி லைசென்ஸ் கிடையாது."

"வேணாம்."

"வேணாமா? இது சட்டம். நாளைக்கு யாரும் மார்லிஸ் சட்டத்தை மீறுனான்னு சொல்லக் கூடாது."

"அன்னையர் தின வாரக் கடைசியில பிள்ளை பெத்தவளுக்கு லைசென்ஸ் வேணாம். இந்த மாநிலத்துலயே பிறந்து வளர்ந்தவர், தெரியாதா?"

தெரியும். எல்லாருக்கும் தெரியும். எங்கள் மகள் ஸிக்னி பிறந்து இருபது வருஷமாக எனக்கும் தெரியும். மார்லிஸோடு அதைச் சேர்த்து நான் யோசித்ததே இல்லை.

"உங்களுது எங்க?" என்று கேட்டாள்.

பர்ஸைத் திறந்தேன். லைசென்ஸ் வைக்கும் அறையில் போன வருஷத்துச் சீட்டு இருந்தது. பிப்ரவரியோடு காலாவதி. வருஷா வருஷம் மார்ச் மாதம் இரைக் கடையில் புதுச் சீட்டு வாங்கி என் பர்ஸில் வைப்பது யார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அது தானாக வருவதாக நினைத்திருந்தேன்.

"ஏன் எடுக்கலை?"

"சின்னதோ பெருசோ கை படக்கூடாதுன்னு சொன்னீங்களே."

யானையை வாங்கியவன் அங்குசத்தை மறந்த கதை. துறையோரத்து இரைக் கடையைத் திரும்பிப் பார்த்தேன். என்னைப் போல மறந்தவர்களின் வரிசை கடை வாசலைத் தாண்டித் தபால் பெட்டி வரை நின்றது.

"நீங்க வரிசையில நில்லுங்க," என்றாள் மார்லிஸ், மெத்தையைப் போட்டு உட்கார்ந்துகொண்டே. சாய்மானப் பலகை அவள் முதுகுக்குக் கச்சிதமாக இருந்தது. "நான் ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன். எனக்கும் துடுப்பு போடத் தெரியும்."

நான் கட்டிய படகு. முதல் பயணம். நான் இல்லாமலா? ஏறி உட்கார்ந்தேன். துடுப்பு எடுத்தேன்.

துடுப்பு போடுகிறவன் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பின்பக்கத்தில் மார்லிஸ். ஆகவே நாள் பூராவும் நான் பார்த்தது ஏரியை அல்ல, மார்லிஸை. லைசென்ஸ் இல்லாதவன் தூண்டிலைத் தொடக் கூடாது, அதனால் என் தூண்டில் அவள் கையில் இருந்தது. பேசினாள். பத்தொன்பது வருஷம் அந்தச் சனிக்கிழமைகளில் பேச ஆள் இல்லாமல் சேர்த்து வைத்ததை எல்லாம் பேசினாள். நடுநடுவே மீன் பிடித்தாள். மூன்றாவது மீனைத் தூக்கியபோது அவள் சிரித்த சிரிப்பு கல்யாணத்தன்று பார்த்தது. கோபப்படவும் முடியவில்லை எனக்கு.

டுவேனின் படகு பக்கத்தில் வந்தது. அவன் மட்டும் இருந்தான்.

"மாப்ளே, நீ இல்லாம கஷ்டப்படுவேன்னு நினைச்சியா? பட்டனை அமுக்குனா தானா ஏறுற நங்கூரம் வாங்கிட்டேன். பார்க்கறியா?" அமுக்கிக் காட்டினான். ஏறியது.

"இதை முன்னாடியே வாங்கியிருக்கலாமே, மச்சான்."

"முன்னாடி நீ இருந்தியே," என்றான் டுவேன்.

மார்லிஸ் தூண்டிலைச் சுருட்டினாள். "இங்க கடிக்கலைங்க. நங்கூரத்தைத் தூக்குங்க, அந்தப் பக்கம் போகலாம்."

தூக்கினேன். அன்று மட்டும் பதினான்கு தடவை.

திங்கட்கிழமை பேருந்து ஓட்டிவிட்டு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் ஒரு சீட்டு. மீன்பிடி லைசென்ஸ், அதில் என் பெயர், வருஷம் முழுக்கச் செல்லும். நெஞ்சு குளிர்ந்தது. தப்பை உணர்ந்துவிட்டாள், அடுத்த சனிக்கிழமை நான் தனியாக என்று நினைத்தேன்.

"நன்றி மார்லிஸ்."

"மேல என்ன போட்டிருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். தம்பதியருக்கானது. என் பெயருக்கு மேலே அவள் பெயர்.