எட்டுக்கால் பிரித்துப்போட்ட லேப்டாப்

காசு கொடுத்து வாங்கிய பொருள் நமக்குத்தான் சொந்தம் என்று முழுமனதாக நம்புகிற மனிதர் அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே ஒருவர்தான். அவர் பெயர் எட்டுக்கால். நாமெல்லாம் நம் வீட்டு மிக்சிக்கும் டிவிக்கும் குத்தகைதாரர்கள். 'திறக்காதே' என்று கம்பெனிக்காரன் எழுதி ஒட்டியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்போம். எட்டுக்கால் ஒருநாளும் தள்ளி நின்றதில்லை.

அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அரியலூரில் ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க வேண்டிய அளவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எந்த மெஷினைக் கொண்டுபோனாலும் அவருடைய முதல் கேள்வி, "இதுல எட்டுக்காலு எங்க இருக்குன்னு தெரியுமா?" என்பதுதான்.

எட்டுக்கால் என்றால் ஒரு சிப். பக்கத்துக்கு நாலு கால், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. பவர் பட்டனை அமுக்கியதும் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்புகிற பயாஸ் என்கிற புரோகிராம் அதற்குள்தான் குடியிருக்கிறது. விண்டோஸ் எல்லாம் அப்புறம் வருகிற சங்கதி. "மூளை முக்கியமில்லை சார், மூளையை எழுப்புறவன் யாருங்கிறதுதான் முக்கியம்" என்பார். கேட்டுக் கேட்டு ஊர் அந்தச் சிப்பின் பெயரையே அவருக்கு வைத்துவிட்டது.

அவருடைய கோபம் ஊரறிந்தது. ஒருமுறை மிக்சி வாங்கப் போனார். பில் போட்ட கையோடு, கடைக்காரர் கண்ணெதிரிலேயே அடியில் ஒட்டியிருந்த சீலை நகத்தால் கிழித்தார்.

"அண்ணே, அதைப் பிரிச்சா வாரண்டி போயிடும்ணே."

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கக்கூடாதுன்னா இது மிக்சியா, கர்ப்பகிரகமா?"

மிக்சியை அங்கேயே கழற்றிப் பார்த்து, மறுபடி பூட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். இன்னொருமுறை போன் கடையில், 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பட்டனுக்கு மேலே இருந்த நாற்பது பக்கத்தையும் நின்ற இடத்திலேயே படித்தார். பின்னால் இருந்தவர்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது பதினேழாம் பக்கத்தில் இருந்தாராம். முடித்ததும் நிமிர்ந்து, "ஒத்துக்கலைங்கிற பட்டன் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் விதி என்னை அனுப்பியது.

என் லேப்டாப்பில் வைஃபை கார்டு செத்துவிட்டது. நான் இருக்கிற பெரம்பலூரிலேயே ஒரு கடையில் வேறு கார்டு போட்டார்கள். ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதாவது, இது அனுமதி இல்லாத கார்டு, கழற்றிவிட்டு வா. அதற்குமேல் மெஷின் நகரவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். "எங்க கார்டுதான் சார் ஏத்துக்கும். அந்தக் கார்டு இப்ப வர்றதில்லை. புது லேப்டாப் பாருங்க" என்றார்கள், சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

குன்னம் வழியாகப் போகிற பஸ்ஸில், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஒரு திங்கட்கிழமை எட்டுக்காலிடம் போய்ச் சேர்ந்தேன். திரையில் இருந்த வரியை அவர் மூன்று தடவை படித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"யாரு அனுமதி?"

"கம்பெனி."

"லேப்டாப் யாருது?"

"என்னுது."

"அப்ப யாரு அனுமதி?"

யுஎஸ்பியில் சொருகுகிற சின்ன வைஃபை ஒன்று வாங்கிக்கொண்டால் போதுமே என்று மெதுவாகச் சொன்னேன். நான் சொல்லியிருக்கக் கூடாது.

"வாசல்ல நிறுத்தி, உள்ள வராதேன்னு சொல்லிட்டான். நீங்க கொல்லப்பக்கமா செவுரு ஏறிக் குதிச்சுப் போறேங்கிறீங்க. அதுவும் சொந்த வூட்டுக்கு."

எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர் திட்டம் வேறு. பயாசையே தூக்கிவிட்டு, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் எழுதி வைத்திருக்கிற இன்னொரு பயாசை அந்தச் சிப்பில் ஏற்றுவது. அது எந்தக் கார்டையும் கேள்வி கேட்காதாம்.

"தப்பாப் போனா?"

"செங்கல்லு" என்றார். திரும்ப உயிர் பெறாத மெஷினுக்கு அவர்கள் தொழிலில் அதுதான் பெயர். "ஆனா போவாது. எட்டுக்கால மட்டும் கண்டுபுடிச்சுட்டா அரைமணி நேர வேலை. சாயங்காலம் போன் பண்ணுங்க."

சாயங்காலம் போன் செய்தேன். "தேடுறேன்" என்றார். செவ்வாய்க்கிழமையும் தேடினார். புதன்கிழமை, "நெட்டுல போட்ட எடத்துல இல்ல சார். அதே பேரு, அதே மாடலு, ஆனா வூடு மாத்திட்டான். வேணும்னே பண்றான்" என்று கத்தினார். ஒரு எட்டுக்கால் சிப்பைக் கண்டுபிடித்தாராம். விசாரித்தால் அது ஸ்பீக்கரோடு சம்பந்தப்பட்டதாம்.

என் மனைவி அதுவரை பொறுமையாகத்தான் இருந்தாள். "என்னங்க, லேப்டாப்பை ரிப்பேருக்குக் குடுத்தீங்களா, நேந்து வுட்டீங்களா?" என்றாள். வெள்ளிக்கிழமை பத்திரிகைக்குக் கட்டுரை போக வேண்டும். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். "சார், இது எந்த மொழி?" என்று உதவி ஆசிரியர் பதில் போட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. கம்பெனிக்காரனாவது ஒரு கார்டைத்தான் மறுத்தான். இந்த மனிதர் மொத்த மெஷினையும் பறித்துக்கொண்டாரே என்று வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனேன்.

கடையில் என் லேப்டாப் இல்லை. ஒரு பழைய வேட்டியின் மேல் அதன் எலும்பு, குடல், தோல் எல்லாம் தனித்தனியாகப் பரப்பியிருந்தது. நடுவில் எட்டுக்கால், கண்கள் சிவந்து, பூதக்கண்ணாடியோடு.

"அப்படியே மூட்டை கட்டிக் குடுங்க. நான் போறேன்."

அவர் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்கு உதைத்தது. பூதக்கண்ணாடியை என் பக்கம் நீட்டினார்.

"கண்ணுல பொரை வுழுந்துருக்கு சார். சின்ன எழுத்து தெரியலை. யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க ஒருதடவ பாத்துட்டு எடுத்துட்டுப் போயிடுங்க."

தயார் செய்த வசனத்தை எல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்தேன். கறுப்பு சர்க்யூட் பலகையை ஒரு மூலையிலிருந்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பின்பக்கம் ஒரு இரும்புச் சட்டம், அதன் விளிம்பில் பலகையோடு பலகையாய் ஒட்டிய கறுப்பு பிளாஸ்டிக் தாள். அவர் அதைப் பலகையின் நிறம் என்றே நினைத்திருக்கிறார். நகத்தால் நெம்பினேன். உள்ளே எட்டுக் காலோடு படுத்திருந்தது.

"இங்க இருக்குங்க."

"மூலையில புள்ளி இருக்கா பாருங்க. அதான் மொதல் காலு. மேல என்ன எழுதியிருக்கு?"

எழுத்தெழுத்தாகப் படித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அவனேதான்" என்றார். எனக்கு ஏற்பட்ட ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. என் லேப்டாப்பில் எனக்குத் தெரியாமல் கம்பெனிக்காரன் தாள் போட்டு மூடி வைத்திருக்கிறான். "என்ன திமிர் பாருங்க" என்றேன். எட்டுக்கால் என்னைப் புதிதாகப் பார்க்கிறவர்போல் பார்த்தார்.

பேட்டரியை எடுத்துவிட்டு, அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து வந்த ஒயரின் கிளிப்பைச் சிப்பின் மேல் நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்த பழைய பயாசை அவர் முதலில் நகல் எடுத்தார். சரிபார்க்க இரண்டாவது தடவை எடுத்தது முதல் நகலோடு ஒத்துப்போகவில்லை. "கை நடுங்குது சார். கோவத்தக் கொறைங்க" என்றார், அவர், என்னிடம். மூன்றாவதும் நாலாவதும் ஒன்றாக இருந்தன. பிறகு புதியதை ஏற்றினார். பூட்டினோம். பட்டனை அமுக்கினேன்.

கறுப்புத் திரை. பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். செங்கல்தான் என்று மனதுக்குள் தலை முழுகிவிட்டேன். "மொதல் தடவ லேட்டாகும். படிச்சேன்" என்றார் எட்டுக்கால், தனக்குத்தானே.

திரை விழித்தது. கம்பெனியின் பெயர் இல்லை. நடுவில் பெரிய எழுத்தில் 'வாங்க' என்று மட்டும் இருந்தது. என்ன படம் வேண்டுமானாலும் அங்கே வைக்கலாமாம். அவர் வைத்தது அது. வைஃபையும் வந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஸ்க்ரூ டப்பாவைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

போன வருஷம் கடையை மூடிவிட்டு, பூலாம்பாடியில் மகள் வீட்டோடு போய்விட்டார். ஆபரேஷன் செய்தும் பார்வை முழுசாகத் திரும்பவில்லை. ஒருநாள் பார்க்கப் போனேன்.

"என்ன சார், மெஷின்ல என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மா உங்களைப் பாக்கலாம்னு."

"சும்மா வந்து பாக்குறதுக்கு நான் என்ன பொருட்காட்சியா?" முகத்தைத் தூக்கிக்கொண்டார். அன்றைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை.

அதனால் இப்போதெல்லாம் போவதற்கு முன்னால் லேப்டாப்பில் ஒரு ஸ்க்ரூவை நானே தளர்த்திவிடுகிறேன். அவர் விரல் நுனியால் தடவித் தடவி அதைக் கண்டுபிடித்து, கம்பெனிக்காரனை ஏழு தலைமுறைக்கும் திட்டியபடி முறுக்குவார். காபி வரும். அடுத்த வாரம் போக வேண்டும். சட்டென்று விரலில் அகப்படாத ஸ்க்ரூ எது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்திருக்கலாம்.